பழைய காருக்குப் புது பாட்டு செட்: முதலில் வயரைப் பாருங்கள்

போன மாதம் ஒரு மாருதி 800 பட்டறைக்கு வந்தது. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவருடைய வண்டி. "தம்பி, வெள்ளிக்கிழமை நிறுத்தினா திங்கட்கிழமை ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. ஒரே வருஷத்துல ரெண்டு பேட்டரி மாத்திட்டேன்" என்றார்.

பேட்டரியில் குறை இல்லை. நெகட்டிவ் கேபிளைக் கழற்றி நடுவில் மல்டிமீட்டரைப் போட்டேன். சாவியை எடுத்து, கதவைச் சாத்திய பிறகும் 0.4 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. 0.05-க்குள் இருக்க வேண்டியது அது. ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 10 ஏஎச் (ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் கணக்கு) காலி. அந்த வண்டியில் இருப்பதே 35 ஏஎச் பேட்டரி.

டேஷ்போர்டிலிருந்து பாட்டு செட்டை உருவினேன். சிவப்பு வயரையும் மஞ்சள் வயரையும் ஒன்றாக முறுக்கி, டேப் சுற்றி, நேரே பேட்டரி லைனில் கொடுத்திருந்தார்கள். வெயிலுக்கு டேப்பின் பசை இளகி வழிந்து, உள்ளே செம்பு பளிச்சென்று தெரிந்தது. மஞ்சள் எப்போதும் பேட்டரியோடு இருக்க வேண்டியது. கடிகாரமும் ரேடியோ ஸ்டேஷனும் மறக்காமல் இருப்பது அதனால்தான். சிவப்புக்குச் சாவி போட்டால் மட்டுமே கரன்ட் வர வேண்டும். சாவி இல்லாமலே பாட்டுக் கேட்கலாம் என்று இரண்டையும் சேர்த்துவிடுவார்கள். செட் முழுசாகத் தூங்காது. பிரித்துக் கொடுத்ததும் மீட்டர் 0.02-க்கு இறங்கியது. இரண்டு பேட்டரிக்கான பணம் அந்த ஒரு முறுக்கில் போயிருக்கிறது.

பழைய வண்டிக்கு செட் மாற்ற வருகிறவர்கள் திரை எத்தனை இஞ்ச், எத்தனை வாட் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், பத்துப் பதினைந்து வருடம் ஓடிய வண்டியில் முதல் காசு வயருக்கு, அடுத்தது ஸ்பீக்கருக்கு, மிச்சம் இருப்பதுதான் செட்டுக்கு. ஜாயின்ட்டுகளைச் சால்டர் செய்து மேலே ஸ்லீவ் (வயரை மூடும் பிளாஸ்டிக் குழாய்) போடச் சொல்லுங்கள். கம்பெனி செட்டோடு வந்த வண்டி என்றால் பின்னால் கப்ளர் (வயர்களை மொத்தமாகச் சேர்க்கும் பிளக்) இருக்கும், அதை வெட்டவே விடாதீர்கள். அந்த மாடலுக்குப் பொருந்தும் மாற்றுக் கப்ளர் கடையில் கிடைக்கும். ஃபியூஸ் பாக்ஸையும் ஒருமுறை திறந்து பாருங்கள். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருக்கும் வண்டிகள் இன்னமும் வருகின்றன. அப்படி ஒரு வண்டியில் ஷார்ட் ஆனால் எரிவது ஃபியூஸ் அல்ல, டேஷ்போர்டு.

வாட் கணக்குக்கு வருவோம். அட்டைப் பெட்டியில் "50 வாட் × 4" என்று போட்டிருக்கும். அது உச்சத்தில் ஒரு நொடி வரக்கூடிய அளவு. வண்டி ஓடும்போது கிடைக்கும் 14 வோல்ட் சொச்சத்தில், 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சாதாரண செட் தொடர்ந்து தருவது 15 முதல் 20 வாட்தான். அதனால் ஸ்பீக்கர் வாங்கும்போது வாட்டை விட்டுவிட்டு சென்சிட்டிவிட்டி, அதாவது அதே வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பது, எத்தனை டெசிபல் என்று பாருங்கள். 88-க்குப் பதில் 91 இருந்தால், அதே சத்தத்துக்குப் பாதி வாட் போதும்.

இருக்கிற ஸ்பீக்கரையே வைத்துக்கொள்ளலாமா? கதவு அட்டையைக் கழற்றி, கோனை (ஸ்பீக்கரில் அதிரும் கூம்பை) சுற்றியுள்ள ஃபோமை விரலால் மெல்ல அழுத்துங்கள். ஜன்னல் வழியாக இறங்கும் மழைத்தண்ணீரில் ஊறி ஊறி, தொட்டாலே பொடிப்பொடியாக உதிரும். நன்றாக இருந்தால் செட்டிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு, ஒரு பென்சில் செல்லை ஸ்பீக்கர் வயரில் ஒரு நொடி தொட்டு எடுங்கள். 'டக்' என்று கோன் வெளியே வந்தால், செல்லின் பிளஸ் தொட்ட வயர்தான் பிளஸ். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் இது மாறியிருந்தால் பேஸ் (கனமான அடிச்சத்தம்) காணாமல் போகும். செட் சரியில்லை என்று திரும்ப எடுத்து வந்தவர்களில் பலருக்கு இதுதான் பிரச்சினை.

இன்னும் பழைய வண்டிகளில் வேறொரு ஆபத்து உண்டு. அந்தக் காலத்து செட்டுகளில் ஸ்பீக்கரின் ஒரு வயரை பாடி எர்த்தில் (வண்டியின் இரும்பு உடலில்) கொடுத்திருப்பார்கள். புது செட்டின் ஸ்பீக்கர் வயர் எதுவும் பாடியைத் தொடக்கூடாது. தொட்டால் செட்டுக்கு உள்ளே இருக்கும் ஐசி (சிப்) போய்விடும். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு வயர் தனியாக இழுப்பதுதான் வழி. 1950-களின் மாரிஸ் மைனர் போன்ற வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியில் இருக்கும். அதில் புது செட்டை அப்படியே மாட்டக் கூடாது.

டேஷ்போர்டை அறுக்காதீர்கள். பழைய வண்டிகளில் பெரும்பாலும் 180 × 50 மில்லிமீட்டர் ஓட்டைதான். அதற்குள் பொருந்தும் புளூடூத் செட்டே போதும் என்பது என் கருத்து. பெரிய திரைக்காக அறுத்துவிட்டால் மறுபடி ஒட்ட வழியில்லை.

பின்சீட்டுக்குப் பின்னால் உள்ள தட்டில் (பார்சல் டிரே) ஓவல் ஸ்பீக்கரைச் சும்மா வைத்துக்கொண்டு வருகிறார்கள். சடன் பிரேக் போட்டால் அது பறந்து வரும் இடத்தில்தான் பிள்ளைகளின் தலை இருக்கிறது. பாடியோடு போல்ட் போட்டு இறுக்க முடியாது என்றால் அது வேண்டாம். தனியாக ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) வைத்தால், அதன் பவர் கேபிளில் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஒரு ஃபியூஸ் கட்டாயம்.

அப்புறம், பில்லைப் பத்திரமாக வையுங்கள். இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது செட்டின் மதிப்பைச் சொல்லி, அதற்கான பிரீமியத்தையும் கட்டியிருந்தால்தான் திருட்டுக்கோ விபத்துக்கோ அதற்கும் சேர்த்துக் கேட்க முடியும்.