நடத்தை மாறாமல் நிரலைச் சுத்தம் செய்வது எப்படி?

2006 செப்டம்பரில் டெபியன் லினக்ஸில், மறையாக்கச் சாவிகளை உருவாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் தொகுப்பில் ஒரு சின்னத் துப்புரவு நடந்தது. நினைவகப் பிழைகளைத் தேடித் தரும் வால்கிரைண்ட் என்ற கருவி, இன்னும் மதிப்பு எதுவும் வைக்கப்படாத நினைவகத்தை நிரல் படிக்கிறது என்று ஓயாமல் எச்சரித்துக்கொண்டிருந்தது. அதற்குக் காரணமாகத் தெரிந்த வரி ஒரே கோப்பில் இரண்டு இடங்களில் இருந்தது. இரண்டையும் நீக்கினார்கள். எச்சரிக்கை நின்றது. நிரல் கம்பைல் ஆனது, சாவிகள் உருவாயின, இணைப்புகளும் வழக்கம்போல வேலை செய்தன.

அந்த இரண்டு வரிகளும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். ஆனால் பார்த்த வேலை வேறு. ஒன்று, சீரற்ற எண்களை வெளியே எடுத்துக் கொடுக்கும் ஃபங்ஷனில் இருந்தது. கேட்டவர் விடைக்காக நீட்டிய பஃபரில் (நினைவகப் பகுதியில்) ஏற்கெனவே கிடந்த குப்பையையும், சீரற்ற எண்கள் பிறக்கும் கலவையில் சேர்த்துக்கொண்டது, அவ்வளவுதான். அதை எடுப்பதால் பெரிய நஷ்டமில்லை. மற்றொன்று, வெளியிலிருந்து வரும் சீரற்ற தரவைக் கலவைக்குள் போடும் ஃபங்ஷனில் இருந்தது. அந்த ஃபங்ஷன் இருப்பதே அந்த வரிக்காகத்தான். அது போனதும் சாவிக்குச் சாவி மாறக்கூடியதாக மிஞ்சியது, ஓடும் நிரலுக்குக் கணினி தரும் ப்ராசஸ் எண் மட்டும். லினக்ஸில் வழக்கமாக அது 32,768-ஐத் தாண்டாது. ஆகவே ஒரே வகைக் கணினியில், ஒரே வகைச் சாவிக்கு, ஒரே நீளத்துக்கு உருவாகக்கூடிய சாவிகளின் மொத்த எண்ணிக்கையும் அதற்குள் அடங்கிப்போனது. 2008 மே மாதம் இது வெளிச்சத்துக்கு வரும்வரை, டெபியனிலும் அதை அடித்தளமாகக் கொண்ட உபுண்டுவிலும் உருவாக்கிய சாவிகளை ஒரு சாதாரணக் கணினியில் வரிசையாகப் போட்டுப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம் என்ற நிலை இருந்தது.

நிரலின் வடிவத்தை மாற்றி, நடத்தையைத் தொடாமல் விடுவதே துப்புரவு. மாற்றும் வேலை பெரும்பாலும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். நடத்தை மாறவில்லை என்று உறுதி செய்வதற்குத்தான் நேரம் பிடிக்கிறது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். சுமார் 4 கோடி வரிகள் உள்ள இந்தத் திட்டத்தில் துப்புரவு ஒரு நிரந்தர வேலை.

கெர்னலுக்குள் இருக்கும் ஃபங்ஷன்களின் வடிவம் நிலையாக இருக்கும் என்று யாரும் உறுதி தருவதில்லை. வெளியே ஓடும் பயன்பாடுகளுக்குத் தெரியும் முகப்புதான் உடையக்கூடாது. உள்ளே ஒரு ஃபங்ஷனின் பெயரையோ அளபுருக்களையோ மாற்ற நினைப்பவர், அதை அழைக்கும் எல்லா இடங்களையும் தானே திருத்த வேண்டும். இந்த விதி இருப்பதால்தான் சாதனத்தை இயக்கும் 20 வருடப் பழைய டிரைவர்கூட இன்றும் கம்பைல் ஆகிறது. யாரும் பயன்படுத்தாத நிரல் நின்றுவிட்ட இயந்திரம்போல ஓரமாகக் கிடக்காமல், ஒவ்வொரு மாற்றத்திலும் எல்லோருக்கும் வேலை வைத்துக்கொண்டிருப்பதும் இதே காரணத்தால்தான். இன்டெலின் 386 சிப்பை எடுத்துக்கொள்வோம். லினக்ஸ் முதலில் எழுதப்பட்டதே அதில்தான். ஒரு மதிப்பை ஒப்பிட்டு, பொருந்தினால் ஒரே மூச்சில் மாற்றும் கட்டளை அதில் கிடையாது. எழுதக்கூடாது என்று குறித்த பக்கத்தில் கெர்னலே எழுதினால் அந்தச் சிப் தடுக்காது. இந்தக் குறைகளை ஈடுகட்டும் மாற்று வழிகள் பல கோப்புகளில் பரவிக் கிடந்தன. 2013-இல் வந்த 3.8 பதிப்பில் 386 ஆதரவோடு அவையும் வெளியேறின. இட்டேனியம் என்ற இன்னொரு இன்டெல் சிப் வகைக்கான ஆதரவு 2024 ஜனவரியில் வெளியான 6.7-இல் போனது.

இப்படி ஒரு சிப் வகைக்கான முழுக் கட்டமைப்பை நீக்குவதைவிட ஒற்றை ஃபங்ஷனை நீக்குவது பல நேரம் சிக்கலானது. பெயரைத் தேடிப் பார்த்து, யாரும் அழைக்கவில்லை என்று முடிவு கட்டுவது போதாது. சி மொழியின் மேக்ரோக்கள் இரண்டு துண்டுகளை ஒட்டி ஒரு பெயரை உருவாக்க முடியும். அப்படி உருவாகும் பெயர் மூல நிரலில் எங்கேயும் முழுதாக எழுதப்பட்டிருக்காது, தேடினாலும் கிடைக்காது. அசெம்பிளிக் கோப்பிலிருந்து அழைப்பு வரலாம். வேறொரு சிப்புக்கு மட்டும் கம்பைல் ஆகும் அடைவிலிருந்தும் வரலாம். அதனால் முழுப் பெயரைத் தேடிய பிறகு, பெயரின் முன்பாதியையும் பின்பாதியையும் தனித்தனியாகத் தேட வேண்டும். அதன் பின் எல்லா அம்சங்களையும் மாட்யூலாக்கும் அமைப்பிலும், வாய்ப்பிருந்தால் ஆர்ம், பவர்பிசி போன்ற வேறு கட்டமைப்புகளுக்கும் ஒருமுறை கட்டிப் பார்க்க வேண்டும். நம் மடிக்கணினியின் அமைப்பில் மட்டும் கட்டிப் பார்த்துவிட்டு அனுப்பினால், தானியங்கிச் சோதனை எந்திரங்கள் ஏதாவதொரு வினோத அமைப்பில் அதை உடைத்துக் காட்டிவிடும்.

எதிர்த் திசையிலும் ஒரு பொறி உண்டு. கெர்னலைக் கட்டும்போது எந்த அம்சம் வேண்டும் என்று சொல்லும் ஓர் அமைப்புத் தேர்வின் பெயரை நிபந்தனையாகப் போட்டு எழுதிய பகுதி, அந்தத் தேர்வு நீக்கப்பட்ட பிறகும் கோப்பில் தங்கிவிடும். பெயரில் எழுத்துப் பிழை இருந்தாலும் இதே கதிதான். அந்தப் பகுதியைக் கம்பைலர் ஒருநாளும் பார்க்காது, ஆகவே ஒருநாளும் புகார் செய்யாது. இல்லாத தேர்வுப் பெயர்களைப் பட்டியலிட கெர்னலிலேயே ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறது. புதிதாகத் துப்புரவுக்கு இறங்குபவர்கள் தொடங்குவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை என்பேன். கிடைக்கும் ஒவ்வொரு பெயருக்கும், மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியின் வரலாற்றில் பின்னோக்கித் தேடி, அது எந்தக் கமிட்டில் (பதிவில்) மறைந்தது என்று பார்த்தால், எழுத்துப் பிழையா உண்மையான மிச்சமா என்பது விளங்கிவிடும்.

அடுத்தது, ஆபத்தான ஒரு ஃபங்ஷனுக்குப் பதில் வேறொன்றை எல்லா இடத்திலும் வைப்பது. ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்திலிருந்து வந்த ஸ்ட்ர்எல்காப்பி (strlcpy) இதற்குப் பொருத்தமான உதாரணம். எழுத்துச் சரத்தை நகலெடுத்துவிட்டு, மூலச் சரத்தின் முழு நீளத்தை அது திருப்பித் தரும். இலக்கில் 16 பைட்தான் இடம் இருந்தாலும், நீளம் சொல்வதற்காக மூலத்தில் பூஜ்ய பைட் வரும்வரை படித்துக்கொண்டே போகும். மூலத்தில் பூஜ்யமே இல்லையென்றால் அடுத்தவர் நினைவகத்துக்குள் நுழைந்துவிடும். இதற்கு மாற்றாக 2015-இல் 4.3 பதிப்பில் ஸ்ட்ர்எஸ்காப்பி (strscpy) வந்தது. பழையது முழுவதுமாக நீக்கப்பட்டது 2024-இல் வந்த 6.8-இல். ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்ற எட்டு ஆண்டுகளுக்கு மேலா என்று தோன்றலாம். சிக்கல், அது திருப்பித் தரும் மதிப்பில் இருக்கிறது.

புதிய ஃபங்ஷன், நகலெடுத்த எழுத்துகளின் எண்ணிக்கையைத் தரும். சரம் வெட்டுப்பட்டால் ஓர் எதிர்ம எண்ணைத் தரும், லினக்ஸில் அது −7. பழைய நிரல் விடையை ஒரு முழு எண் மாறியில் வாங்கி, 16 அல்லது அதற்கு மேல் இருந்தால் வெட்டுப்பட்டது என்று சோதித்திருக்கும். பெயரை மட்டும் மாற்றினால் −7 அந்தச் சோதனையில் சிக்காது. வெட்டுப்பட்ட சரம் சரியானதாகக் கடந்து போகும். இதைவிட மோசம், விடையை நேரடியாக இருப்பிட எண்ணோடு கூட்டும் நிரல். பஃபரில் அடுத்து எங்கே எழுதுவது என்று காட்டும் அந்த எண் 7 இடம் பின்னால் நகர்ந்து, ஏற்கெனவே எழுதியதன் மேலேயே எழுத ஆரம்பிக்கும். எச்சரிக்கை வராது, கம்பைலரும் வாய் திறக்காது. ஆகவே திரும்பும் மதிப்பைக் கண்டுகொள்ளாத இடங்களை முதலில் இயந்திரத்தனமாக மாற்றிவிட்டு, மதிப்பைப் பயன்படுத்தும் இடங்களை ஒவ்வொன்றாகக் கையால் படித்து மாற்றுவதுதான் சரியான முறை.

இதே குடும்பத்து ஸ்ட்ர்என்காப்பி (strncpy) வேறு விதத்தில் தொல்லை கொடுக்கும். அது மீதி இடத்தை முழுக்கப் பூஜ்யத்தால் நிரப்பும். அந்தப் பஃபர் பயனர் நிரலுக்கு அப்படியே அனுப்பப்படும் தரவுக் கட்டமைப்பின் பகுதியாக இருந்தால், நிரப்பாத மாற்றை வைத்ததும் மீதி பைட்டுகளில் கிடக்கும் பழைய கெர்னல் தரவு வெளியே கசியும். அங்கே பூஜ்யம் நிரப்பும் வகையைத்தான் போட வேண்டும். ஒரே பெயர் கொண்ட நூறு அழைப்புகளில் எது எந்த வகை என்று தெரிய, சுற்றியுள்ள நிரலைப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இயந்திரத்தனமான பகுதிக்கு ஏற்ற கருவி, பிரான்சின் இன்ரியா நிறுவனத்தில் உருவான காக்சினெல். சாதாரணத் தேடி மாற்றும் கருவி எழுத்துகளைப் பார்க்கும். இது சி நிரலின் அமைப்பைப் பார்க்கும். நினைவகம் ஒதுக்கும் ஓர் அழைப்பு, பிறகு அதையே பூஜ்யமாக்கும் இன்னோர் அழைப்பு என்ற இணையை, பூஜ்யமாக்கியே ஒதுக்கும் ஒற்றை அழைப்பாக மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். விதி எழுதும்போது முதல் அழைப்பு, மூன்று புள்ளிகள், இரண்டாம் அழைப்பு என்று எழுதுகிறோம். நடுவில் எந்த நிரல் வேண்டுமானாலும் வரலாம் என்று அந்தப் புள்ளிகள் சொல்கின்றன. அந்த மாறியை இடையில் யாரும் தொட்டிருக்கக்கூடாது என்ற நிபந்தனையையும் சேர்க்க வேண்டும். அதை மறந்தால், இடையில் எழுதிய மதிப்பைப் பிறகு அழிக்கும் நிரலிலும் விதி பொருந்தி, நடத்தை மாறிவிடும். சுட்டி வெற்றா என்பதைச் சிலர் ஆச்சரியக்குறி போட்டும் சிலர் நேரடியாக ஒப்பிட்டும் சோதிப்பார்கள். இரண்டும் ஒன்றே என்று காக்சினெலுக்குத் தெரியும். மேக்ரோ நெரிசலான இடங்களில் மட்டும் அது தடுமாறி, சில அழைப்புகளைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். எனவே ஓட்டி முடித்த பிறகு பழைய பெயரை மறுபடி தேடிப் பார்ப்பது கட்டாயம். அந்த விதியையும் கமிட் செய்தியில் ஒட்டிவிட்டால், சரிபார்ப்பவர் 300 கோப்புகளைப் படிக்காமல் பத்து வரி விதியைப் படித்துவிட்டுத் தானே ஓட்டிப் பார்த்துக்கொள்வார்.

பெயர் மாற்றம், இடைவெளி, குறிப்புரை போன்ற சுத்த அலங்கார வேலைகளுக்கு இன்னும் உறுதியான சான்று இருக்கிறது. ஒரே கம்பைலர், ஒரே அமைப்பு வைத்து, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஆப்ஜெக்ட் கோப்பைக் கட்டுங்கள். இரண்டையும் அசெம்பிளியாகப் பிரித்து ஒப்பிடுங்கள். கட்டளைகளில் ஒரு வித்தியாசமும் இருக்கக்கூடாது. இருந்தால், முதலில் வரி எண்களைச் சந்தேகப்படுங்கள்: சில எச்சரிக்கை மேக்ரோக்கள் தாம் இருக்கும் வரி எண்ணை நிரலுக்குள் பதித்துக்கொள்வதால், மேலே ஒரு வரி கூடினாலே மதிப்பு மாறிவிடும். அது அல்லாத வித்தியாசம் வந்தால் அந்த மாற்றம் அலங்காரம் இல்லை. ஃபங்ஷனை இரண்டாகப் பிரிக்கும் வேலைக்கு இந்தச் சோதனை பொருந்தாது. எதை உள்ளே விரிப்பது என்ற கம்பைலரின் முடிவே மாறிவிடும். அங்கே அளவு வித்தியாசத்தைக் காட்டும் ப்ளோட்-ஓ-மீட்டர் ஸ்கிரிப்டை ஓட்டி, எதிர்பாராத ஃபங்ஷன் வீங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

பார்வைக்கு அழகான துப்புரவே சில நேரம் நிராகரிக்கப்படுவதற்குக் காரணம் வரிசைதான். ஒரு கோப்பைச் சுத்தம் செய்யும்போது உண்மையான பிழை ஒன்று கண்ணில் பட்டால், பிழைத் திருத்தம், நாம் அனுப்பும் தொடரின் முதல் பேட்சாக (தனி மாற்றமாக) இருக்க வேண்டும். துப்புரவு அதற்குப் பின்னால். நீண்டகால ஆதரவுப் பதிப்புகள் உண்மையான பிழையைத் திருத்தும், சுற்று வரிகளோடு சேர்த்து 100 வரிக்கு மிகாத பேட்சைத்தான் எடுத்துக்கொள்ளும். திருத்தம் ஒரு பெரிய சீரமைப்பின் மேல் உட்கார்ந்திருந்தால், பழைய பதிப்புகளுக்கு அதைக் கொண்டுபோக யாராவது மறுபடி எழுத வேண்டியிருக்கும். ஒவ்வொரு பேட்சும் தனியாகக் கம்பைல் ஆகி ஓடவும் வேண்டும். ஒரு வெளியீட்டில் 14,000 கமிட் இருந்தாலும், பாதி பாதியாகப் பிரித்துப் பழுதைத் தேடும் கிட் பைசெக்ட் சுமார் 14 படியில் குற்றவாளியைக் காட்டிவிடும். நடுவில் கம்பைல் ஆகாத கமிட்டுகள் வரிசையாகக் கிடந்தால் அந்தத் தேடல் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

மெதுவாகச் செய்தே ஆக வேண்டிய துப்புரவுகளும் உண்டு. பல சிப்கள் கொண்ட கணினிகளுக்காக 1996-இல் 2.0 பதிப்போடு வந்த பெரிய கெர்னல் பூட்டு அப்படிப்பட்டது. அதற்கு இரண்டு விசித்திர குணங்கள். ஏற்கெனவே பூட்டி வைத்திருப்பவரே மறுபடி பூட்டலாம். பூட்டிக்கொண்டு தூங்கப் போனால் பூட்டு தானாகத் திறந்து, விழித்ததும் மறுபடி விழும். ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டான சாதாரண மியூட்டெக்ஸுக்கு இரண்டும் கிடையாது. ஒரு டிரைவர் பூட்டோடு தரவுக்காகக் காத்துத் தூங்குகிறது. தரவை அனுப்பச் சொல்லும் கட்டளைக்கும் அதே பூட்டு வேண்டும் என்றால், பழைய பூட்டில் எல்லாம் நடக்கும். மியூட்டெக்ஸாக மாற்றிய அன்று இரண்டும் ஒன்றுக்கொன்று காத்து உறைந்துவிடும். அதனால் பூட்டை முதலில் மையத்திலிருந்து ஒவ்வொரு டிரைவருக்குள்ளும் தள்ளினார்கள். பிறகு ஒவ்வொரு டிரைவரிலும் அது எதைக் காக்கிறது என்று கண்டுபிடித்து, தனி மியூட்டெக்ஸ் வைத்தார்கள் அல்லது தேவையில்லை என்று எடுத்தார்கள். கடைசித் துண்டு 2011 மே மாதம் வந்த 2.6.39-இல் நீங்கியது.

அனுப்பும் நடைமுறை சுருக்கமானது. எழுத்து நடையைச் சரிபார்க்கும் செக்பேட்ச் ஸ்கிரிப்டை நம் பேட்சின் மேல் ஓட்டலாம். இருக்கிற கோப்புகளின் மேல் ஓட்டி, அது சொல்வதையெல்லாம் திருத்தி அனுப்பினால் பெரும்பாலான பராமரிப்பாளர்களுக்கு எரிச்சல்தான் வரும். அந்த வரிகளில் வேறு யாரோ செய்துகொண்டிருக்கும் வேலை மோதி உடைவதே காரணம். பயிற்சிக்கு இடம் வேண்டுமென்றால், இன்னும் தரம் எட்டாத டிரைவர்கள் இருக்கும் ஸ்டேஜிங் அடைவு இருக்கிறது. யாருக்கு அனுப்புவது என்பதை கெட்-மெயின்டெயினர் ஸ்கிரிப்ட் சொல்லும். புதிய மாற்றங்களைச் சேர்க்கும் இரண்டு வார காலத்தில் துப்புரவுப் பேட்ச் அனுப்பாமல், அதன் முடிவில் வரும் முதல் சோதனை வெளியீடான ஆர்சி1 வந்த பிறகு அனுப்புங்கள். ஓரிரு வாரம் பதில் வராவிட்டால் பணிவாக ஒருமுறை நினைவூட்டலாம். இரண்டாம் வடிவம் அனுப்பும்போது எதை மாற்றினீர்கள் என்பதை மூன்று கோடுகளுக்குக் கீழே எழுதுங்கள்; பேட்சைச் சேர்க்கும்போது கிட் அந்தப் பகுதியை விட்டுவிடும், வரலாற்றில் குப்பை சேராது.