கட்சி மாறும் புரோட்டான்கள்

ஃபிரீசர் இல்லாமலே தண்ணீரை உறைய வைக்கலாம், அதுவும் அறை வெப்பநிலையில். இரண்டு வைரங்களின் நுனியைத் தட்டையாகச் சீவி எதிரெதிரே நிறுத்த வேண்டும். நடுவில் ஒரு மெல்லிய உலோகத் தகடு, அதில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை, துளைக்குள் ஒரு துளிக்கும் குறைவான நீர். பிறகு திருகாணியை முறுக்கிக்கொண்டே போக வேண்டியதுதான். வைரத்தின் வழியே ஒளி புகும் என்பதால், உள்ளே நடப்பதை நுண்ணோக்கியில் நேரடியாகப் பார்க்கலாம். அழுத்தம் 1 ஜிகாபாஸ்கலை, அதாவது ஏறக்குறைய 10,000 வளிமண்டலத்தை நெருங்கும்போது நீருக்குள் படிகங்கள் முளைக்கும். நம் ஐஸ் போல அவை மிதப்பதில்லை. அடியில் போய்ப் படிகின்றன.

சாதாரண ஐஸ் மிதப்பதற்குக் காரணம் அதனுள் இருக்கும் காலியிடம். ஒவ்வொரு நீர் மூலக்கூறும் நான்கு அண்டை மூலக்கூறுகளோடு மட்டும் ஹைட்ரஜன் பிணைப்பில் இருக்கிறது. இரண்டுக்குத் தன் ஹைட்ரஜனை நீட்டும், இரண்டிடமிருந்து வாங்கிக்கொள்ளும். கொடுக்கல் வாங்கல் சரியாக இருக்கிறது, இடம்தான் வீணாகிறது. அழுத்தம் முதலில் கைவைப்பது அந்தக் காலியிடத்தில். இப்படிப் பிறக்கும் வேறு படிக வகைகளுக்கு எண் பெயர்கள். 1900-இல் வேதியியலாளர் குஸ்டாவ் டாமன் ஐஸ் II, III இரண்டையும் கண்டார். 1912-இல் ஹார்வர்டின் பெர்சி பிரிட்ஜ்மேன் ஐஸ் V, VI ஆகியவற்றைச் சேர்த்தார். மேலே சொன்ன வைரத் துளையில் முதலில் முளைப்பது ஐஸ் VI. அழுத்தத்தை இரண்டு மடங்குக்குச் சற்று மேலே ஏற்றினால் ஐஸ் VII. அதில் ஒரு ஹைட்ரஜன் பிணைப்பு வலையின் ஓட்டைகளுக்குள் இன்னொரு முழு வலை புகுந்திருக்கிறது. போதிய அழுத்தம் இருந்தால் இந்த ஐஸ் 100 டிகிரி செல்சியஸிலும் உருகாது.

காலியிடம் தீர்ந்த பிறகுதான் விஷயம் சூடுபிடிக்கிறது. நீரில் ஒவ்வொரு ஹைட்ரஜனும் ஒரு ஆக்சிஜனுக்கு அருகிலும் இன்னொன்றுக்குத் தொலைவிலும் இருக்கும். ஆக்சிஜன்கள் நெருங்க நெருங்க இந்த வேறுபாடு குறைந்துகொண்டே வரும். 60 ஜிகாபாஸ்கலைத் தாண்டிய அழுத்தங்களில் புரோட்டான், அதாவது ஹைட்ரஜனின் அணுக்கரு, இரண்டுக்கும் சரிநடுவில் வந்து நின்றுவிடுகிறது. இது ஐஸ் X. இங்கே எந்த ஹைட்ரஜன் எந்த மூலக்கூறைச் சேர்ந்தது என்று கேட்டால் பதில் கிடையாது, ஏனென்றால் மூலக்கூறே இல்லை.

அம்மோனியாவின் கதை வேறு. ஐஸ் கம்பெனிக் குழாய்களில் ஓடும் அதே அம்மோனியாதான். நைட்ரஜனிடம் கொடுக்க மூன்று ஹைட்ரஜன் உண்டு, ஆனால் வாங்குவதற்கு பிணைப்பில் சேராமல் தனித்து நிற்கும் ஒரே ஒரு எலக்ட்ரான் ஜோடிதான். திண்ம அம்மோனியாவில் மூன்று பேரின் ஹைட்ரஜன்கள் அந்த ஒன்றையே பங்குபோட்டுக்கொள்கின்றன. அதனால் பிணைப்புகள் தளர்வானவை. மூலக்கூறுகள் காலியிடம் விடாமல் நெருங்கி அடங்குவதால், உறைந்த அம்மோனியா திரவ அம்மோனியாவில் மூழ்கும்.

அப்படியானால் இதன் புரோட்டானும் ஐஸ் X போல நடுவில் வந்து நிற்க வேண்டும் அல்லவா? 2008-இல் இயற்பியலாளர்கள் பிக்கார்ட், நீட்ஸ் இருவரும் கணினியில் கணக்கிட்டபோது வேறொன்று வந்தது. சுமார் 90 ஜிகாபாஸ்கலுக்கு மேல் ஒரு அம்மோனியாவின் புரோட்டான் முழுசாகக் கட்சி மாறி அடுத்ததோடு சேர்ந்துவிடுகிறது. புரோட்டானை வாங்கிய அம்மோனியம் நேர்மின் அயனியும் அதை இழந்த அமைடு எதிர்மின் அயனியும் மாறிமாறி அமர்ந்த, உப்பு போன்ற படிகம். புரோட்டானைப் பிடுங்க ஆற்றல் செலவாகும்தான். ஆனால் எதிரெதிர் மின்சுமைகள் ஒன்றையொன்று இழுத்து இன்னும் குறைந்த இடத்தில் அடங்கிவிடுகின்றன. இந்த அழுத்தத்தில் கொஞ்சம் இடம் மிச்சமானாலே பெரிய லாபம், செலவு ஈடாகிவிடும். 2014-இல் ஆய்வகச் சோதனைகள் இதை உறுதி செய்தன, கணக்கு சொன்னதைவிடக் கூடுதல் அழுத்தத்தில், சுமார் 150 ஜிகாபாஸ்கலுக்கு அருகில்.

இவ்வளவு மெனக்கெடுவது யுரேனஸ், நெப்டியூனுக்காக. அவற்றின் உட்பகுதியில் பெரும்பங்கு நீர், அம்மோனியா, மீத்தேன் என்று கருதப்படுகிறது. அங்கே அழுத்தத்தோடு பல ஆயிரம் டிகிரி சூடும் உண்டு. அந்தச் சூட்டில் நீரின் ஆக்சிஜன்கள் படிகமாக நிற்க, புரோட்டான்கள் மட்டும் திரவம் போல ஓடி மின்சாரம் கடத்தும் என்று 1988-இலேயே கணிப்பு வந்துவிட்டது. கண்ணில் காட்டப் பல ஆண்டுகள் பிடித்தன. அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகக் குழுவினர் நீரை முதலில் வைரங்களுக்கிடையே ஐஸ் VII ஆக்கி, அதன்மேல் லேசர் அதிர்வலையைப் பாய்ச்சி 2018-இல் சான்று தந்தார்கள். மறு ஆண்டே எக்ஸ் கதிர் மூலம் படிக அமைப்பையும் காட்டினார்கள். வாயேஜர் 2 விண்கலம் யுரேனஸில் அளந்த காந்தப்புலம் சுழல் அச்சிலிருந்து 59 டிகிரி சாய்ந்து கிடக்கிறது. அதற்கு விளக்கம் தேடுபவர்கள் மின்சாரம் கடத்தும் இந்த ஐஸை ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் கோளுக்குள் நீர் தனியாக, அம்மோனியா தனியாக உட்கார்ந்திருக்காது. என்னைக் கேட்டால் கலவைதான் உண்மையான சுவாரசியம். சாதாரண அழுத்தத்தில், எடையில் மூன்றில் ஒரு பங்கு அம்மோனியா கலந்தால் நீர் மைனஸ் 97 டிகிரி வரை உறையாது. ஒரு நீருக்கு ஒரு அம்மோனியா என்ற சமபங்குக் கலவையை 6.5 ஜிகாபாஸ்கல் அளவுக்கு அழுத்தியபோது எடின்பரோவின் லவ்டேயும் நெல்ம்ஸும் 1999-இல் கண்டது ஒரு உலோகக் கலவையின் குணம். ஐஸ் VII-இன் ஆக்சிஜன் இருக்கும் அதே இடங்களில் நீரும் அம்மோனியாவும் எந்த ஒழுங்கும் இல்லாமல் கலந்து அமர்ந்திருந்தன. இங்கேயும் அம்மோனியா நீரிடமிருந்து புரோட்டானைப் பறிக்கப் பார்க்கிறது. ஆனால் இடங்கள் கண்டபடி நிரம்பியிருப்பதால் பாதியில் நின்றுவிடுகிறது.

ஒரு நீருக்கு இரண்டு அம்மோனியா என்ற கலவையில் அந்தத் தடை இல்லை. 65 ஜிகாபாஸ்கலுக்கு மேல் இரண்டு அம்மோனியாவும் ஆளுக்கொரு புரோட்டானை எடுத்துக்கொள்ளும் என்று 2017-இல் வெளியான கணிப்பு சொல்கிறது. மிஞ்சுவது இரண்டு அம்மோனியம் அயனிகளும், ஹைட்ரஜன் ஒன்றுகூட இல்லாத வெறும் ஆக்சைடு அயனியும்தான்.