பல் டாக்டர் ஏன் அறையைச் சாத்திவிட்டுக் காத்திருந்தார்?

"கொரோனா சமயத்தில் ஒருவருக்குப் பல் அடைத்து முடித்ததும் டாக்டர் அறையைச் சாத்திவிட்டு, அடுத்த ஆளை வெகுநேரம் வெளியிலேயே உட்கார வைத்தாரே, எதற்கு?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நாற்காலியைத் துடைக்க அவ்வளவு நேரம் ஆகாது. மிச்ச நேரமெல்லாம் காற்றுக்காக.

பல்லைக் குடையும் டர்பைன் கருவி நிமிடத்துக்கு 3 லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அந்தச் சூட்டில் பல்லுக்குள் இருக்கும் கூழ் (நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள மெல்லிய சதை) செத்துவிடாமல் இருக்க, கூடவே தண்ணீரும் பீய்ச்சும். முனையில் பட்டுச் சிதறும் தண்ணீர் எச்சிலையும் சேர்த்துக்கொண்டு பறக்கும். பெரிய துளிகள் உடனே விழுந்துவிடும். சில மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவே உள்ளவை அறைக்குள்ளேயே மிதக்கும்.

இங்கிலாந்தில் 2020 மார்ச் 25 அன்று வழக்கமான பல் சிகிச்சையையே நிறுத்தினார்கள். ஜூன் 8இல் மீண்டும் திறந்தபோது, இப்படித் தூவல் (காற்றில் மிதக்கும் நுண்துளிகள்) கிளப்பும் சிகிச்சைக்குப் பின் அறை ஒரு மணி நேரம் காலியாகக் கிடக்க வேண்டியிருந்தது.

ஏன் ஒரு மணி நேரம்? எனக்குப் பிடித்த இடம் இதுதான். அறையின் காற்று மணிக்கு 6 முறை மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 10 நிமிடத்தில் எல்லாம் சுத்தமாகிவிட வேண்டாமா? ஆகாது. உள்ளே வரும் நல்ல காற்று பழையதோடு கலந்துவிடுகிறது. வெளியே போவதும் அந்தக் கலவைதான். உப்புத் தண்ணீர் உள்ள டம்ளரைக் குழாயடியில் வைத்து வழியவிடுங்கள். இன்னொரு டம்ளர் அளவு தண்ணீர் விழுந்த பிறகும் கரிக்கும். காற்று ஒருமுறை மாறுவதை ஒரு சுற்று என்போம். கணக்குப்படி முதல் சுற்றில் 37 சதவீதம் மிஞ்சும். அதில் 37 சதவீதம் அடுத்த சுற்றில், அதாவது 14, அப்புறம் 5. நூறில் ஒன்றாகக் குறைய 4.6 சுற்று தேவை. அது நூறின் இயல் மடக்கை (natural log)! எதற்கென்றே தெரியாமல் பள்ளியில் படித்தோமே, அதுதான். மணிக்கு 6 சுற்று என்றால் 46 நிமிடம். ஆயிரத்தில் ஒன்றாக வேண்டுமென்றால் 69. ஒரு மணி நேரம் இரண்டுக்கும் இடையில்தான் வருகிறது. நல்ல எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டி 12 சுற்றாக்கினால் 46 நிமிடம் 23 ஆகிவிடும்.

நம் ஊரிலோ சந்தை வாசலில் சுரங்கம் கட்டி ஆட்கள் மேல் கிருமிநாசினி தெளித்தார்கள். 2020 ஏப்ரலில் மத்திய சுகாதார அமைச்சகமே வேண்டாம் என்றது. அந்தக் காசுக்கு எத்தனை ஃபேன் வாங்கியிருக்கலாம்!

தூவல் கிளம்பாமலே தடுக்கவும் வழி உண்டு. 1864இலேயே வந்த ரப்பர் டேம் என்ற மெல்லிய ரப்பர் தாள் பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மூடிவிடும். அகலக் குழாய் சக்‌ஷன் பறக்கிற துளியை வாயருகிலேயே இழுத்துக்கொள்ளும். 2021இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் தூவலில் இருந்த நுண்ணுயிரிகளைப் பிரித்துப் பார்த்தார்கள். பெரும்பகுதி நோயாளியின் எச்சிலிலிருந்து வரவில்லை, கருவிக்குப் போகும் தண்ணீரிலிருந்து வந்திருந்தது. நீங்கள் நாற்காலியில் சாய்வதற்கு முன் உதவியாளர் கருவியை 20, 30 விநாடி சும்மா ஓடவிடுகிறார் அல்லவா? குழாயில் தேங்கிய அந்தத் தண்ணீரையும், முந்தைய நோயாளியின் வாயிலிருந்து கருவிக்குள் போயிருக்கக்கூடியதையும் வெளியேற்றத்தான்.