கிராப்: கதிர்த்தலையிலிருந்து படத்தின் ஓரம் வரை

"கொஞ்சம் கிராப் பண்ணினால் சரியாகிவிடும்." இலையுதிர் காலத்து மரங்களைப் படம் எடுத்து, அவற்றை அச்சிட்டுச் சுவரில் மாட்ட நினைக்கும் எல்லோரும் ஒருமுறையாவது சொல்லும் வாக்கியம் இது. எடுத்த படத்தின் நான்கு ஓரங்களில் ஒன்றையோ பலவற்றையோ நீக்கிவிட்டு, எஞ்சியதையே படமாகக் கொள்வதுதான் கிராப். உள்ளே இருக்கும் எதுவும் நகராது, சுருங்காது, நிறம் மாறாது. படம் எங்கே முடிகிறது என்பது மட்டுமே மாறும். அளவு மாற்றுதல் வேறு செயல்: அதில் முழுப்படமும் சுருங்கும் அல்லது விரியும், எதுவும் வெளியே போகாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, அகலமும் உயரமும் 3:2 விகிதத்தில் உள்ள கிடைமட்டப் படத்தை 8×10 அங்குலத் தாளுக்குள் இழுத்துப் பொருத்தினால் மரங்களெல்லாம் ஒல்லியாகி நெடுநெடுவென்று நிற்கும்.

சொல்லின் பிறப்பு வயலில். பழைய ஆங்கிலத்தில் இது செடியின் தலைப்பகுதியை, கதிரை, குறித்தது. பறவையின் கழுத்தில் இரை தங்கும் பைக்கும் அதே பெயர். திரண்டு புடைத்து நிற்பது என்பதே இரண்டுக்கும் பொது. ஜெர்மனில் இதன் உறவுச்சொல்லான 'க்ரோப்ஃப்' இன்றும் பறவையின் அந்தப் பையையும், மனிதருக்கு வரும் கழுத்துக் கழலையையும் குறிக்கிறது. கதிரைக் குறித்த சொல், கொய்து எடுத்த கதிருக்கும், பிறகு மொத்த விளைச்சலுக்கும் ஆகிவந்தது. வினையாக வந்தபோது தலையைக் கொய்வது என்று பொருள்பட்டது. ஆடு மாடு புல் நுனியை மேய்வதும், முடியைக் குட்டையாக வெட்டுவதும் அதன் கிளைகள். படத்தின் ஓரத்தை வெட்டுவது 20ஆம் நூற்றாண்டில் சேர்ந்த பொருள்.

தமிழுக்கு இந்தச் சொல் இருமுறை வந்திருக்கிறது. முதலில் வந்தது தலைமுடி வழியாக. குடுமியை எடுத்துவிட்டு முடியைக் குறைத்துக்கொண்டவர்களை 'கிராப்பு வைத்துக்கொண்டார்' என்றார்கள். அது உகரம் பெற்று, வல்லினம் இரட்டித்து, தமிழ்ச் சொல் போலவே ஆகிவிட்டது. இரண்டாவதாகக் கேமராவோடும் கணினியோடும் வந்தது 'கிராப் பண்ணு' என்று ஒட்டாமல் நிற்கிறது.

இலையுதிர் காலத்துக்கும் இந்தச் சொல்லுக்கும் இடையே ஓர் அழகான அண்டை உறவு உண்டு. ஆங்கிலத்தில் இன்று அறுவடையைக் குறிக்கும் 'ஹார்வெஸ்ட்' முன்பு அந்தப் பருவத்தின் பெயராகவே இருந்தது. ஜெர்மனில் 'ஹெர்ப்ஸ்ட்' இன்றும் அப்படியே. லத்தீனின் 'ஔட்டும்னுஸ்' வழி வந்த பெயரும், இலை விழுவதைக் குறிக்கும் 'ஃபால்' என்ற பெயரும் வந்த பிறகுதான் ஹார்வெஸ்ட் வயலோடு நின்றுகொண்டது. நம் 'இலையுதிர் காலம்' இந்த 'ஃபால்' போலக் கண்ணுக்குத் தெரியும் நிகழ்ச்சியால் பெயர் பெற்றது. சிலர் இதற்குக் 'கூதிர்' என்று எழுதுகிறார்கள். அது பொருந்தாது. கூதிர் ஐப்பசி, கார்த்திகைக்குரிய குளிர்ந்த வாடைப் பருவம். அதில் இலை நிறம் மாறி உதிர்வது என்ற பொருளே இல்லை.

இனி, தமிழில் என்ன சொல்வது? நான்கு சொற்கள் போட்டியில் நிற்கின்றன.

'வெட்டு' எளிமையானது, ஆனால் கணினியில் அது ஓரிடத்திலிருந்து எடுத்து வேறிடத்தில் ஒட்டும் கட்டளைக்குப் போய்விட்டது. அச்சகத்தில் தாளை வெட்டுவதும் வெட்டுதான். ஒரே உரையாடலில் மூன்று வெட்டுகள் வந்தால் படம் கெட்டுவிடும்.

'கத்தரி' வடமொழியின் 'கர்த்தரி'யோடு தொடர்புடையது. கருவியின் பெயரே வினையாகிவிட்டது. ஆனால் 'கத்தரித்துவிட்டார்கள்' என்றதும் தணிக்கை நினைவுக்கு வருகிறது. வேண்டியதைப் பறிகொடுத்த தொனி அதில் உண்டு.

'செதுக்கு' மென்பொருள்களின் தமிழ்த் திரைகளில் பரவலாகக் காணப்படுகிறது. புல் செதுக்குதல் என்ற வழக்கு இருப்பதால், கிராப்பின் செடித்தொடர்புக்கு இது நெருக்கமும்கூட. ஒரே குறை: சிற்பி செதுக்கும்போது உளி எல்லா இடத்திலும் படும், உருவமே மாறும். கிராப்பில் உள்ளே கை வைப்பதே இல்லை.

'நறுக்கு'தான் நம் தேர்வு. காய் நறுக்குவது நினைவுக்கு வந்து, பல துண்டாக்குவதுதானே என்று கேட்கத் தோன்றும். ஆனால் 'ஓலை நறுக்கு' என்பதில் அது அளவாக வெட்டியெடுத்த ஒரே ஓலைத் துண்டு. சுவடி சேர்ப்பவர்கள் ஓலைகளின் இரு முனைகளையும் நறுக்கி ஒரே நீளமாக்கிய பிறகே துளையிட்டுக் கட்டினார்கள். உள்ளே எழுதப்போவதற்கு முன்பே எல்லையைத் தீர்மானிக்கும் செயல் அது. சுருக்கமும் தெளிவும் உள்ள பேச்சை 'நறுக்குத் தெறித்தாற்போல்' என்கிறோம். நல்ல கிராப்பும் அப்படித்தான் இருக்க வேண்டும். காய்கறிக் குழப்பம் வராமலிருக்க 'ஓரநறுக்கு' என்று கூட்டிச் சொல்லலாம். வினையாக 'ஓரம் நறுக்குதல்'. கீழே அந்தச் சொல்லையே பயன்படுத்துகிறோம்.

ஓரநறுக்கு விருப்பத்தால் மட்டும் வருவதில்லை. தாள் அதைக் கட்டாயமாக்குகிறது. பிலிம் கேமராவில் ஒரு படம் பதியும் 36×24 மி.மீ. என்ற சட்டகம் திரைப்படச் சுருளின் 18×24 மி.மீ. சட்டகத்தை இரட்டித்துப் பெறப்பட்டது. 1925இல் விற்பனைக்கு வந்த லைக்கா கேமரா அதைப் பரப்பியது. அதனால் இன்றைய பெரும்பாலான கேமராக்களின் படம் 3:2. கைபேசிகளில் பொதுவாக 4:3. தாள்களோ வேறு கணக்கில் வருகின்றன. 4×6, 8×12, 12×18 அங்குலம் மூன்றும் 3:2 என்பதால் முழுப்படமும் அப்படியே உட்காரும். 6000×4000 பிக்சல் படத்தை 5×7க்குக் கொண்டுபோனால் நீளத்தில் 400 பிக்சல் போகும். ஏ4 தாளுக்கு ஏறக்குறைய 340. 8×10 அல்லது 16×20க்கு 1000 பிக்சல், அதாவது நீளத்தில் ஆறில் ஒரு பங்கு. கைபேசியின் 4000×3000 படத்தை 4×6 தாளில் போட்டால் உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு காணாமல் போகும். வழக்கமாகப் பலியாவது மரத்தின் உச்சி, அல்லது தரையில் விழுந்துகிடக்கும் இலைவிரிப்பு.

ஆகவே எந்தத் தாள் என்பதைப் படம் எடுக்கும் முன்பே தீர்மானிப்பது நல்லது. 8×10 என்று முடிவானால், கேமராவில் 5:4 விகிதத்தைத் தேர்ந்தெடுக்க முடியுமா என்று பாருங்கள். ஜேபெக் கோப்பில் அந்த ஓரநறுக்கு நிரந்தரம். சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் ரா கோப்பில் பெரும்பாலான கேமராக்கள் முழுத் தரவையும் வைத்திருக்கும், கோடு மட்டும் திரையில் தெரியும். அந்த வசதி இல்லையென்றால், திரையின் பாதுகாப்புத் தாளில் இடமும் வலமும் நீளத்தின் பன்னிரண்டில் ஒரு பங்கு விட்டு மெல்லிய கோடு போட்டுக்கொள்ளலாம். அந்தக் கோடுகளுக்குள் படத்தை அமைக்க வேண்டும்.

சாய்வைச் சரிசெய்வதும் ஓரநறுக்கே. பலர் இதை எண்ணுவதில்லை. 3:2 படத்தை 2 பாகை திருப்பி, அதே விகிதத்தில் மூலைகளின் வெற்றிடத்தை நீக்கினால் 6000×4000 என்பது ஏறக்குறைய 5700×3800 ஆகும். பரப்பில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. ஏரிக்கரை மரங்களும் அவற்றின் நீர்ப்பிம்பமும் எடுக்கும்போது இது அடிக்கடி நேரும். கேமராவிலேயே நீர்மட்டக் கோடு காட்டும் வசதியை இயக்கிவிடுங்கள்.

எவ்வளவு நறுக்கலாம் என்பதற்குக் கணக்கு எளிது. கையில் வைத்துப் பார்க்கும் அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று கொண்டால், 8×10க்கு 2400×3000, 12×18க்கு 3600×5400 தேவை. சுவரில் மாட்டி இரண்டடி தள்ளிப் பார்க்கும் 16×20க்கு 200 போதும்: 3200×4000. 6000×4000 படத்தில் நீளத்திலும் உயரத்திலும் பாதியை நறுக்கினால் 3000×2000 மிஞ்சும். 300 வீதம் 10 அங்குல நீளத்தோடு அது தீர்ந்துவிடும்.

பிக்சல் மட்டும் குறைவதில்லை. பாதியாக நறுக்கிய படத்தை அதே தாளளவுக்கு அச்சிடும்போது, கை அதிர்வும் குவிப்புப் பிழையும் இரட்டிப்பாகத் தெரியும். 100 மி.மீ. லென்ஸில் 1/100 நொடியில் கையில் பிடித்து எடுத்த படம், பாதியாக நறுக்கினால் 200 மி.மீ. லென்ஸில் 1/100 நொடியில் எடுத்ததற்குச் சமம். குவிபுல ஆழமும், அதாவது முன்னும் பின்னும் கூர்மையாகத் தெரியும் தூரமும், சுருங்கும்: சிறு அச்சில் கூர்மையாக இருந்த பின்னிலை, பெரிய அச்சில் மங்கும். இருண்ட காட்டில் ஐஎஸ்ஓ என்ற ஒளியுணர்வு அளவை ஏற்றி எடுத்த படங்களில் புள்ளி புள்ளியாகத் தெரியும் குருணையும் பெரிதாகும். நறுக்கப்போகிறோம் என்று தெரிந்தால் ஷட்டர் வேகத்தை ஒரு படி கூட்டிவிடுங்கள். இரண்டு எட்டு முன்னால் போக முடிந்தால் இன்னும் நல்லது.

இலையுதிர் காலப் படங்களில் ஓரம் ஏன் இவ்வளவு முக்கியம்? எங்கும் நிறம், எங்கும் சிறு வடிவம். எதை எடுப்பது என்பதைவிட எங்கே நிறுத்துவது என்பதே கடினம். கண் முதலில் ஒளிமிக்க மஞ்சளுக்கு ஓடும். அந்த மஞ்சள் இலை படத்தின் ஓரத்தில் பாதியாக வெட்டுப்பட்டு நின்றால், பார்ப்பவர் கண் அங்கேயே சிக்கி வெளியேறிவிடும். நான்கு ஓரங்களையும் கடிகார முள் திசையில் ஒருமுறை நடந்து பாருங்கள். அரை இலை, தனியாக நீட்டிய குச்சி, கிளைகளுக்கிடையே தெரியும் வெள்ளை வானத் துண்டு ஆகிய மூன்றும் முதலில் போக வேண்டியவை. மேல் ஓரத்து வானத்துண்டுகளை இருட்டாக்கி மறைக்க முயல்வதைவிட, அரை அங்குலம் கீழே நறுக்குவது பெரும்பாலும் சுத்தமான வழி.

மூடுபனிப் படத்தில் சிக்கல் வேறு. வெளிறிய வானம் வெள்ளைத் தாளின் விளிம்போடு கலந்து, படம் எங்கே முடிகிறது என்றே தெரியாமல் போகும். அங்கே நறுக்கு உதவாது; அரை மி.மீ. சாம்பல் கோட்டு விளிம்பு போட வேண்டும். தரையில் பரவிக்கிடக்கும் இலைவிரிப்போ எந்த விகிதத்துக்கும் பணியும். தனிமரம் பணியாது: சாய்ந்து நிற்கும் பக்கம் இடம் விட்டே ஆக வேண்டும், அடிமரம் தரையைத் தொடும் இடத்தில் நறுக்கவே கூடாது.

திரையை மட்டும் நம்பாமல் அட்டையில் சோதிப்பது பழைய, மிக நம்பகமான வழி. எல் வடிவில் இரண்டு அட்டைகள், கை 25 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம். மலிவான சோதனை அச்சின் மேல் இரண்டையும் எதிரெதிர் மூலைகளில் வைத்து நகர்த்துங்கள். வெள்ளைச் சட்டத்தில் மாட்டப்போகும் படத்துக்கு வெள்ளை அட்டையே வேண்டும். கறுப்பு அட்டை எந்தப் படத்தையும் இருப்பதைவிட ஒளியாகக் காட்டும். பிடித்த இடத்தில் பென்சில் குறி வைத்து, அளந்து, பிறகு கணினிக்குப் போகலாம்.

ஓரம் நறுக்குவதையே மறுத்தவர்களும் உண்டு. பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே-பிரெஸ்ஸான் எடுத்தபடியே அச்சிட வேண்டும் என்பதில் உறுதியானவர். ஆனால் பாரிஸ் சான் லசார் ரயில் நிலையத்தின் பின்னே நீரைத் தாண்டும் மனிதரை 1932இல் அவர் எடுத்த புகழ்பெற்ற படம் நறுக்கப்பட்டதே. வேலி இடுக்கு வழியே எடுத்ததால் ஒரு பக்கம் மறைந்திருந்தது.

கடைசியாக, ஓரநறுக்கையும் அச்சகத்தின் தாள்வெட்டையும் பிரித்தறிய வேண்டும். விளிம்பு வரை படம் வரும் அச்சில், தாளை வெட்டும் கத்தி ஓரிரு மி.மீ. விலகலாம். அதற்காக நான்கு பக்கமும் 3 மி.மீ. கூடுதல் படம் விடுவதைப் 'பிளீட்' என்கிறார்கள். சட்டத்துக்குள் படத்தைச் சுற்றி வைக்கும் உள்ளட்டையும் பக்கத்துக்கு 3 முதல் 6 மி.மீ. வரை மறைக்கும். ஓரத்தை ஒட்டி முக்கியமான இலையை வைத்து நறுக்கினால், இந்த இரண்டில் ஒன்று அதைத் தின்றுவிடும். விளிம்பில்லா அச்சில் அச்சுப்பொறியே படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரத்தை வெளியே தள்ளும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

3:2 படத்தை நறுக்க மனமே வரவில்லை என்றால், அச்சகத்துக்குத் தரும் சீட்டில் இப்படி எழுதலாம்: "தாள் 8×10 அங்குலம். முழுப்படம், ஓரநறுக்கு வேண்டாம். படம் 10×6.67 அங்குலம்; மேலும் கீழும் 0.67 அங்குலம் வெள்ளை விளிம்பு."