எலியாவுக்கு முதலில் கிடைத்தது தூக்கமும் அடையும்

"ஆராதனையில கைதட்டுறேன் அக்கா, உள்ளே ஒண்ணுமே இல்ல. நான் பின்மாறிப் போயிட்டேனா?"

விசுவாசத்திலிருந்து விலகிவிட்டேனோ என்று இப்படிக் கேட்டவர் ஞாயிறு பள்ளி ஆசிரியை, நாற்பதைத் தாண்டியவர். (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் பிள்ளைகளின் வருகைப் பதிவேடு, சுருட்டிய சார்ட் பேப்பர், பாதி தீர்ந்த பசை பாட்டில். "கடைசியா எப்ப நல்லா தூங்கினீங்க?" என்று கேட்டேன். ஏதாவது வசனம் சொல்வேன் என்று வந்தவர், கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

அப்புறம் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். வீட்டில் படுத்த படுக்கையாக மாமியார். இரவில் இரண்டு மூன்று தடவை எழ வேண்டும். பகலில் வேலை. வெள்ளி உபவாச ஜெபம், சனி பாடகர் குழு, ஞாயிறு காலை பிள்ளைகள், மாலை வீட்டு ஜெபக்கூட்டம். சேர்ந்தாற்போல் நான்கு மணி நேரம் தூங்கிப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

ஆலோசகராக நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான். சந்தோஷம் போய்விட்டது என்று வருகிறவர்கள், அதற்காக ஒரு குற்ற உணர்வையும் சேர்த்தே சுமந்து வருகிறார்கள். "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்று பவுல் எழுதியிருக்கிறாரே, அதுவும் சிறையிலிருந்து எழுதினாரே, எனக்கு முடியவில்லையே என்று. பாதிப் பேரை நசுக்குவது இந்த இரண்டாவது சுமைதான்.

அவர்களிடம் நான் வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தைத் திறக்கச் சொல்வேன். கர்மேல் மலையில் தன் ஜெபத்துக்குப் பதிலாக அக்கினி இறங்கியதைக் கண்ட தீர்க்கதரிசி எலியா, அடுத்த அதிகாரத்திலேயே சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். தேவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தூங்க விட்டார். தூதன் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடியும் படுத்துக்கொண்டார். மறுபடியும் எழுப்பிச் சாப்பாடு. "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி, நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகுதான் வருகிறது. நாமோ, களைத்து விழுந்தவரிடம் அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்கிறோம்.

எல்லாமே களைப்புதான் என்று சொல்ல வரவில்லை. ஒருவர் மனைவிக்குத் தெரியாமல் வட்டிக்கு வாங்கிவிட்டு, சபையில் சாட்சியும் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் தூங்கினாலும் சந்தோஷம் திரும்பாது. அடக்கி வைத்தவரைக்கும் எலும்புகள் உலர்ந்துபோயின என்று 32ஆம் சங்கீதத்தில் தாவீது சொல்வது அவருக்கு அப்படியே பொருந்தியது. மனைவியிடம் சொன்ன அன்று வீட்டில் பெரிய சண்டை. ஆனால் கடன் ஒரு ரூபாய்கூட குறையாத நிலையிலும், மறுவாரம் அவர் முகம் வேறாக இருந்தது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லை, தூக்கமோ பசியோ மாறிவிட்டது, சாவைப் பற்றிய எண்ணம் வருகிறது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். தைராய்டு கோளாறும் இப்படிக் காட்டும். பிரசவத்துக்குப் பிறகு சில தாய்மார்களுக்கும் வரும். மருத்துவரைப் பாருங்கள். அவசரமென்றால் 14416 என்ற டெலி மனாஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், கட்டணம் கிடையாது. "விசுவாசித்து மாத்திரையை நிறுத்து" என்று யார் சொன்னாலும் நிறுத்த வேண்டாம். பிரசங்கத்துக்குப் பேர்போன 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துப் போதகர் ஸ்பர்ஜனே பல ஆண்டுகள் மனச்சோர்வால் அவதிப்பட்டவர். அதை மேடையிலும் மறைக்காமல் பேசியவர்.

சரி, அந்த ஆசிரியைக்கு என்ன செய்தோம்? பிள்ளைகள் வகுப்பை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை மூன்று மாதம் விட்டுவிடச் சொன்னேன். ஊழியத்தை விடுவதா என்று அழுதார். அவர் சம்மதத்தோடு போதகரின் மனைவியிடம் பேசினேன். "கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பதே உங்களுடைய பெலன்" என்று நாம் சுவரில் மாட்டியிருக்கும் நெகேமியா 8:10இன் முன்பாதியை இருவரும் வாசித்தோம்: போய்ச் சாப்பிடுங்கள், இல்லாதவர்களுக்குப் பங்குகளை அனுப்புங்கள் என்றிருக்கிறது. அந்த வாரமே பெண்கள் ஐக்கியத்தில் முறை வைத்துக்கொண்டார்கள். சனிக்கிழமை இரவுச் சாப்பாடு ஒரு வீட்டிலிருந்து வரும். கொண்டுவருகிறவர் இரவு மாமியாரோடு தங்குவார். முதல் சனிக்கிழமை இடியாப்பமும் சொதியும் வந்தன. ஒன்பது மணிக்குப் படுத்தவர், ஞாயிறு காலை மணியடித்த பிறகுதான் எழுந்தாராம்.