நீலப் புள்ளியை நம்பி எல்லைக்கல் நடாதீர்கள்

நிலம் அளக்கப் போகும் இடங்களில் யாராவது ஒருவர் போனை நீட்டுவார். "எல்லை இங்கதான் வருது, பாருங்க சார்." திரையில் தெரியும் மேப்பில் நீலப் புள்ளி உறுதியாக நிற்கும். அதைச் சுற்றியுள்ள வெளிர்நீல வட்டத்தை அவர் கவனித்திருக்க மாட்டார். 'அநேகமாக இந்த வட்டத்துக்குள் எங்கோ இருக்கிறீர்கள்.' போன் சொல்வது அவ்வளவுதான்.

செயற்கைக்கோள் நம்மைப் பார்த்து இடம் சொல்வதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள், தாம் இருக்கும் இடத்தையும் சிக்னல் கிளம்பும் நேரத்தையும் ஓயாமல் அறிவித்துக்கொண்டிருக்கின்றன. போன் அதைக் கேட்டுக்கொள்கிறது. சிக்னல் வந்துசேர எடுத்த நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைக்கும்.

மூன்று செயற்கைக்கோள்களின் தூரம் தெரிந்தால் இடம் தெரிந்துவிடும்தானே? சிக்கல் கடிகாரத்தில் இருக்கிறது. மேலே இருப்பது அணுக் கடிகாரம். போனில் இருப்பது சாதாரணமானது. அது ஒரு மைக்ரோ விநாடி பிசகினால் தூரம் 300 மீட்டர் பிசகும். அதனால்தான் நான்காவது செயற்கைக்கோள் வேண்டியிருக்கிறது. போன் தன் கடிகாரப் பிழையையும் தெரியாத ஒரு எண்ணாக வைத்து, இடத்தோடு சேர்த்தே கண்டுபிடிக்கிறது. இத்தனை வருடம் கழித்தும் இந்தக் கணக்கு எனக்கு அலுக்கவில்லை.

அப்புறம் வழியில் வரும் பிழைகள். வளிமண்டலத்தின் மேலடுக்கு சிக்னலைத் தாமதப்படுத்தும். சுவரில் பட்டுத் திரும்பும் சிக்னல் சுற்றுவழியில் வருவதால், தூரம் கூடுதலாகத் தெரியும். ஒருமுறை தகரக் கொட்டகையை ஒட்டி போனைத் தரையில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன் அசையவில்லை, புள்ளி மட்டும் மெல்ல நகர்ந்து கொட்டகைக்கு அந்தப் பக்கம் போய் நின்றது.

திறந்த வெளியிலேயே சாதாரண போனில் ஐந்து மீட்டர் அளவுக்குப் பிழை சகஜம். வழி கண்டுபிடிக்க அது தாராளமாகப் போதும், வேலி போடப் போதாது. நிலம் அளக்கும் நாங்கள், இடம் துல்லியமாகத் தெரிந்த ஒரு புள்ளியில் ஒரு ஜிபிஎஸ் கருவியை நிறுத்தி, இன்னொன்றோடு நடந்து அளக்கிறோம். இரண்டுக்கும் பொதுவான பிழைகள் கழிந்துபோக, சென்டிமீட்டர் கணக்கில் இடம் கிடைக்கிறது.

எல்லைத் தகராறை விடுங்கள், ஆம்புலன்ஸுக்கு லொகேஷன் அனுப்பும்போதும் இதே போன்தான். முடிந்தால் கூரைக்கு வெளியே வாருங்கள். வட்டம் சுருங்கும்வரை சில விநாடிகள் பொறுத்து அனுப்புங்கள். கூடவே, பக்கத்தில் கண்ணுக்குத் தெரிகிற ஒரு அடையாளத்தை வாயால் சொல்லிவிடுங்கள்.