ஒன்பதரைக்குக் கரண்ட் கட்: ஒரு போலிச் செய்தி எப்படி வேலை செய்கிறது

தாராவியில் எங்கள் சந்தில் ராத்திரி எட்டு மணிக்கு மேல் நடந்தால் வீட்டுக்கு வீடு கிரைண்டர் ஓடும் சத்தம் கேட்கும். இட்லி வியாபாரம் செய்யும் குடும்பங்கள். ராத்திரி ஆட்டிய மாவு விடிவதற்குள் பொங்கியிருக்க வேண்டும். நாலு மணிக்கு அடுப்பு, ஆறு மணிக்குச் சைக்கிளில் பாத்திரம் ஏறிவிடும். போன மழைக்காலத்தில் ஒரு நாள், பக்கத்து வீட்டு அத்தை கையில் போனோடு என் வாசலில் வந்து நின்றார்.

"எய்யா, ஒம்பதரைக்குக் கரண்ட்டக் கட் பண்ணப் போறானாம். உளுந்து இப்பதான் போட்ருக்கேன், அரிசி அப்படியே கெடக்கு. ஆபீசர் லைன்லதான் இருக்காரு, நீயே பேசு."

போனை வாங்கிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ். உங்கள் போன மாத பில் பதிவாகவில்லை, இன்று இரவு 9.30 மணிக்கு மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே மின் அதிகாரியை இந்த எண்ணில் அழைக்கவும் என்று இருந்தது. திரையின் மேல் ஓரத்தில் சின்னதாக ஒரு அடையாளம். திரை வேறொருவருடன் பகிரப்படுகிறது என்று அதற்கு அர்த்தம். நான் அந்த ஆளிடம் பேசவில்லை. ஃப்ளைட் மோடைத் தட்டினேன். அதற்குள் இரண்டு தடவையாகப் பதினெட்டாயிரம் ரூபாய் போயிருந்தது.

ஒரு நிறுவனத்தில் மின்னஞ்சல் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இந்த மாதிரிச் செய்திகளைத் தினமும் நூற்றுக்கணக்கில் பார்க்கிறேன். "படிக்காதவங்க ஏமாறுறாங்க" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அத்தைக்குக் கணக்கு வழக்கு அத்துப்படி; பத்துப் பேருக்குக் கடன் கொடுத்து வாங்குகிறவர். அவரை வீழ்த்தியது அந்தச் செய்தி வந்த நேரம். மாவு ஆட்டும் வேளையில் கரண்ட் போனால் நாளைய வியாபாரம் போச்சு. அத்தை வீட்டில் கிரைண்டர் ஓடுகிறது என்று அனுப்பியவனுக்குத் தெரியாது. ஒரே செய்தியை ஆயிரக்கணக்கான எண்களுக்கு அனுப்புகிறான். அதில் யாரோ ஒருவருக்கு அது சரியான நேரத்தில் போய்ச் சேருகிறது. ஒருவர் வீட்டில் ஆக்சிஜன் மெஷின் ஓடும், இன்னொருவர் பிள்ளைக்கு மறுநாள் பரீட்சை இருக்கும். 1990களின் நடுவில் அமெரிக்காவில் இந்த மோசடிக்கு மீன்பிடிப்பை வைத்தே ஃபிஷிங் என்று பெயர் வந்தது. தூண்டில்காரனுக்கு எல்லா மீனும் தேவையில்லை.

அந்தச் செய்தி பொய் என்பதற்கு ஆதாரம் சட்டத்திலேயே இருக்கிறது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56ஆவது பிரிவுப்படி, பில் பாக்கிக்காக இணைப்பைத் துண்டிப்பதென்றால் முழுதாகப் பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து எழுத்து மூலம் நோட்டீஸ் தர வேண்டும். இன்று ராத்திரி ஒன்பதரை என்ற பேச்சுக்கே இடமில்லை. தாராவி, மாட்டுங்கா, சயன் பக்கம் மின்சாரம் தருவது பெஸ்ட் என்ற மும்பை மாநகராட்சி நிறுவனம். பில்லில் வாடிக்கையாளர் எண்ணும் புகார் எண்ணும் அச்சாகியிருக்கும். கரண்ட் பில் யார் வீட்டிலும் இருக்கும். அதை எடுத்துப் பார்க்கும் அரை நிமிடத்தைத்தான் அந்தச் செய்தி பறித்துக்கொள்கிறது.

அழைத்தால் என்ன நடக்கும் என்பதை அத்தை சொல்லக் கேட்டேன். அந்த ஆள் மரியாதையாகப் பேசியிருக்கிறான். "பத்து ரூபாய் கட்டினால் போதும், சிஸ்டத்தில் அப்டேட் ஆகிவிடும்" என்றிருக்கிறான். பத்து ரூபாய்க்கு யாரும் யோசிப்பதில்லை. அவனுக்கு வேண்டியது அந்தப் பத்து ரூபாய் அல்ல, அதைக் கட்டுவதற்காக நாம் கார்டு எண்ணைத் தட்டும் அந்தக் காட்சி. அதற்காகவே முதலில் ஒரு ஆப்பை இறக்கச் சொல்கிறான். தூரத்தில் இருக்கும் கம்ப்யூட்டரைப் பழுதுபார்க்க மெக்கானிக்குகள் பயன்படுத்தும் நேர்மையான ஆப்தான் அது, வைரஸ் எதுவும் இல்லை. அதில் வரும் எண்ணை அவனிடம் சொன்னதும் நம் திரை அப்படியே அவன் திரையில் தெரியும். கார்டு எண், முடியும் தேதி, பின்னால் உள்ள மூன்று இலக்கம், மேலே எட்டிப் பார்க்கும் ஓடிபி எல்லாமே. ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே இந்த வகை ஆப்பைப் பற்றி வங்கிகளை எச்சரித்தது. பாதுகாப்பு மென்பொருள் இதைப் பிடிக்காததற்குக் காரணம், இங்கே உடைக்கப்பட்டது எதுவும் இல்லை என்பதுதான். கதவை நாமே திறந்துவிடுகிறோம்.

இதில் பலருக்குப் புரியாத புதிர் ஒன்று உண்டு: "ஓடிபி பேங்கில் இருந்துதானே வந்தது? அப்புறம் எப்படிப் போலி?" ஓடிபி உண்மையானதுதான். அதை வரவழைத்தவன்தான் போலி. லிங்க் வழியாக நடக்கும் திருட்டில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். நீங்கள் திறந்த பக்கம் உங்கள் வங்கியின் பக்கம் மாதிரியே இருக்கிறது. அதில் பெயரும் பாஸ்வேர்டும் தட்டுகிறீர்கள். அடுத்த நொடியே அந்தப் பக்கத்தின் பின்னால் உள்ள நிரல், அதே பெயரையும் பாஸ்வேர்டையும் உண்மையான வங்கித் தளத்தில் கொண்டுபோய்ப் போடுகிறது. உண்மையான வங்கி உங்களுக்கு உண்மையான ஓடிபியை அனுப்புகிறது. நீங்கள் அதைப் போலிப் பக்கத்தில் தட்டுகிறீர்கள். அதுவும் அப்படியே வங்கிக்குப் போகிறது. நடுவில் ஒருவன் நின்று இந்தக் கையில் வாங்கி அந்தக் கையில் கொடுக்கிறான், அவ்வளவுதான். ஓடிபி சில நிமிடங்களில் காலாவதியாகும் என்பது அவனுக்குத் தடையே இல்லை, அவனுக்குச் சில நொடிகள் போதும். அதனால் ஓடிபி வந்தால் ஆறு இலக்கத்தை மட்டும் பார்க்காமல் முழுச் செய்தியையும் படியுங்கள். எவ்வளவு தொகை, யாருக்கு, எதற்காக என்று வங்கி அதிலேயே எழுதியிருக்கும். பத்து ரூபாய் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது அங்கே ஒன்பதாயிரம் என்று இருக்கும்.

போலிப் பக்கத்தைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சின்னம், நிறம், எழுத்து எல்லாம் அசலில் இருந்தே எடுத்தவை. எழுத்துப் பிழை இருந்தால் போலி என்று முன்பு சொல்வோம். இப்போது செயற்கை நுண்ணறிவைக் கொண்டு பிழையில்லாத தமிழிலும் மராத்தியிலும் எழுதி வாங்கிவிடுகிறார்கள். நம்பிப் பார்க்கத்தக்கது முகவரி ஒன்றுதான், ஆனால் அதை வாசிக்கும் முறை வேறு.

ஒரு தபால் உறையை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் வரியில் "தாராவி ஸ்டோர்ஸ்", இரண்டாவது வரியில் "தாராவி மெயின் ரோடு", கடைசியில் 627001. அந்தக் கடிதம் தாராவிக்கு வராது, திருநெல்வேலிக்குப் போகும். தாராவிக்கு 400017 என்று இருக்க வேண்டும். தபால்காரர்கள் பிரிப்பது கடைசி வரியை வைத்து: 4 என்றால் மகாராஷ்டிரம் பக்கம், 6 என்றால் தமிழ்நாடு, கேரளம் பக்கம். இணைய முகவரியும் அப்படித்தான், வலது கோடியில் இருந்து இடப்பக்கமாகப் படிக்க வேண்டும். "உங்கள்வங்கி.பேங்க்.இன்.கேஒய்சி-அப்டேட்.டாப்/லாகின்" என்று ஒரு லிங்க் வந்தால், முதல் சாய்கோட்டில் நிறுத்துங்கள். அங்கிருந்து இடப்பக்கம் திரும்பினால் "டாப்", அதற்கு முன் "கேஒய்சி-அப்டேட்". அதுதான் வீட்டுக்காரர் பெயர். அதற்கு இடப்பக்கம் இருப்பதெல்லாம் அவர் தன் வீட்டு அறைகளுக்கு வைத்துக்கொண்ட பெயர்கள். ஒரு அறைக்கு "உங்கள்வங்கி" என்று பெயர் வைக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. போனில் முகவரிப் பட்டை குறுகலாக இருப்பதால் சில நேரம் இடப்பக்கம் மட்டும் தெரிந்து உண்மையான முனை மறைந்துவிடலாம் என்பது அவர்களுக்கு வசதி.

இதைச் சுலபமாக்கத்தான் ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளும் 2025 அக்டோபர் 31க்குள் "பேங்க்.இன்" என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்றது. அந்த முனையை வங்கிகளைத் தவிர வேறு யாரும் வாங்க முடியாது. முகவரி அதில் முடிகிறதா என்று பாருங்கள். நடுவில் எங்கோ வந்தால் அதற்கு மதிப்பில்லை.

பூட்டுப் படம் இருந்தால் நல்ல தளம் என்ற நம்பிக்கை இன்னும் பலரிடம் இருக்கிறது. உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் யாரும் ஒட்டுக் கேட்க முடியாது என்பதைத்தான் பூட்டு சொல்கிறது. அந்த முனையில் இருப்பவன் திருடனா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. பூட்டு வருவதற்குத் தேவையான சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது. மக்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதாலேயே குரோம் 2023இல் பூட்டுப் படத்தை எடுத்துவிட்டது.

எஸ்எம்எஸ்ஸுக்கு வருவோம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிகளின்படி, மொத்தமாகச் செய்தி அனுப்பும் நிறுவனம் தன் பெயர்க்குறியையும் செய்தியின் வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். அதனால் வங்கிச் செய்திகள் பத்து இலக்க எண்ணில் வராமல், இரண்டு எழுத்து, ஒரு கோடு, பிறகு நிறுவனத்தின் குறி என்று வருகின்றன. 2025இல் இருந்து கடைசியில் இன்னொரு எழுத்தும் சேர்ந்தது: விளம்பரம் என்றால் பி, சேவை என்றால் எஸ், பணப் பரிமாற்றம் என்றால் டி, அரசு என்றால் ஜி. அத்தைக்கு வந்த செய்தி சாதாரணப் பத்து இலக்க எண்ணில் இருந்து வந்தது. அது ஒன்றே போதும், சந்தேகப்பட. குறியோடு வந்தால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. பழைய 2ஜி அமைப்பில் போன் தன்னை யாரென்று டவரிடம் நிரூபிக்கும், டவர் தன்னை போனிடம் நிரூபிக்காது. ஒரு போலி டவர் எந்தப் பெயரில் வேண்டுமானாலும் செய்தி அனுப்பலாம், போனும் அதை வங்கியின் பழைய செய்திகளுக்குக் கீழேயே அடுக்கிவிடும்.

மின்னஞ்சலில் நிலைமை இன்னும் பழையது. கம்ப்யூட்டர்கள் அஞ்சல் பரிமாறிக்கொள்ள 1982இல் எழுதிய நெறிமுறையில், அனுப்புநர் முகவரி என்பது உறையின் பின்னால் நாமே எழுதும் "அனுப்புநர்" மாதிரிதான். யார் பெயரையும் எழுதலாம். பிறகுதான் காவல் வந்தது. எந்த சர்வர்கள் இந்தப் பெயரில் அனுப்பலாம் என்ற பட்டியல் எஸ்பிஎஃப். கடிதத்தில் வைக்கும் கணித முத்திரை டிகேஐஎம். இரண்டும் பொருந்தாவிட்டால் கடிதத்தை என்ன செய்வது என்ற உத்தரவு டிமார்க். 2024 பிப்ரவரியில் இருந்து ஜிமெயிலுக்கு ஒரு நாளைக்கு ஐயாயிரத்துக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு இவை கட்டாயம். அதற்குப் பிறகு என் வேலை கொஞ்சம் லேசானது உண்மை. ஆனால் அசலைப் போலவே ஒரு பெயரைக் காசு கொடுத்து வாங்கி, மூன்றையும் முறையாகச் செய்துகொண்டு வருகிறவனை இந்தக் காவல் உள்ளே விட்டுவிடும். முகவரி நிஜமா என்றுதான் அதற்குப் பார்க்கத் தெரியும், ஆள் யோக்கியனா என்று தெரியாது. போதாததற்கு, போனில் மின்னஞ்சல் ஆப் முகவரியை மறைத்துவிட்டுப் பெயரை மட்டும் காட்டுகிறது. அந்தப் பெயரை ஒருமுறை தட்டினால் முகவரி விரியும்.

இத்தனையையும் அத்தையிடம் சொல்ல முடியாது, சொல்லவும் இல்லை. அவரிடம் சொன்னது ஒன்றுதான்: செய்தி வந்த வழியாகத் திரும்பிப் போகாதீங்க, உங்க வழியில போங்க. அதில் உள்ள எண்ணுக்குப் பதில் பில்லில் உள்ள எண். அதில் உள்ள லிங்குக்குப் பதில் ஏற்கனவே போனில் இருக்கும் வங்கி ஆப். செய்தி நிஜமாக இருந்தாலும் இதனால் எதுவும் குறையாது, பாக்கி இருந்தால் அங்கேயும் காட்டும்.

கம்ப்யூட்டர்களுக்கும் இதே உத்தியைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பாஸ்வேர்டுகளைச் சேமிக்கும் பெட்டகம், சேமித்த முகவரியில் மட்டுமே தானாக நிரப்பும். போலிப் பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது சும்மா இருக்கும். வழக்கமாக நிரம்பும் இடம் ஒரு நாள் நிரம்பவில்லை என்றால், கையால் தட்டாமல் முகவரியைப் பாருங்கள். பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் போனிலேயே இருக்கும் பாஸ்கீ என்ற டிஜிட்டல் சாவி இன்னும் ஒரு படி மேல்: சாவி அந்த முகவரியோடு சேர்த்தே வார்க்கப்பட்டது, வேறு முகவரியில் திரும்பாது. நடுவில் நிற்பவனுக்கு வாங்கிக் கொடுக்க அங்கே எதுவும் இல்லை.

வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்று ஏபிகே கோப்பு வந்தால் திறக்கவே வேண்டாம். அது பத்திரிகை அல்ல, ஆப். எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்தால் ஓடிபியை நீங்கள் சொல்லவே வேண்டாம், அதுவே அனுப்பிவிடும்.

அன்றைக்கு ஃப்ளைட் மோடு போட்ட கையோடு என் போனில் இருந்து இணையக் குற்றப் புகாருக்கான அரசு உதவி எண் 1930ஐ அழைத்தேன், பிறகு கார்டின் பின்னால் உள்ள வங்கி எண்ணை. வரிசை மாறினாலும் பரவாயில்லை, தாமதிக்கக்கூடாது. திருடிய பணம் ஒரு கணக்கில் தங்காது; வாடகைக்கு வாங்கிய நாலைந்து கணக்குகள் வழியாகப் பிரிந்து போய், ஏதோ ஒரு ஏடிஎம்மில் பணமாக வெளியே வந்துவிடும். 1930இல் பதிவானதும் அந்தச் சங்கிலியில் உள்ள வங்கிகளுக்குத் தகவல் போகும், பணம் இன்னும் நிற்கும் கணக்கில் முடக்குவார்கள். இன்னொரு காரணமும் உண்டு. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வகுத்தபடி, வாடிக்கையாளர் ரகசிய விவரத்தைப் பகிர்ந்ததால் போன பணம், வங்கிக்குச் சொல்லும்வரை அவர் நஷ்டம். சொன்ன பிறகும் போனால் அது வங்கியின் பொறுப்பு.

பேசி முடிக்க ஒன்பதே கால் ஆனது. அத்தை அழவில்லை. பதினெட்டாயிரத்தில் பதினோராயிரம் ஒரு கணக்கில் சிக்கிச் சில வாரம் கழித்துத் திரும்பியது, மீதி போனது போனதுதான். அன்று அவர் எழுந்து போய் அரிசியைக் கிரைண்டரில் போட்டார். ஒன்பதரை ஆனது, பத்து ஆனது, கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் பில்லைத் தேடி எடுத்து, அதில் உள்ள புகார் எண்ணையும் 1930ஐயும் கிரைண்டருக்கு மேலே தொங்கும் தினசரிக் காலண்டர் அட்டையில் பெரிதாக எழுதித் தரச் சொன்னார்.